லினக்ஸ் கணினியில் கிராபிக்ஸ் கார்டு: எது இயங்கும், எது சிக்கல் தரும்? - ஒரு விளக்கம்

கோலார் தங்கவயல்: விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடித்துக்கொண்டது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11-ஐ நிறுவ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும்; இன்டெல் கணினியாக இருந்தால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியும் வேண்டும். இதனால், நல்ல நிலையில் உள்ள ஏராளமான பழைய கணினிகளை என்ன செய்வது என்ற கேள்வி வீடுகளிலும் பள்ளிகளிலும் சிறு கடைகளிலும் எழுந்துள்ளது. கட்டணமின்றிக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளத்தை அவற்றில் நிறுவுவது ஒரு வழி.

எனினும், ஒரே செயலி, ஒரே அளவு நினைவகம் கொண்ட இரண்டு கணினிகளில் லினக்ஸை நிறுவினால் ஒன்று உடனே சீராக இயங்குவதும், மற்றொன்று கருந்திரையோடு நின்றுவிடுவதும் உண்டு. இந்த வேறுபாட்டுக்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது கிராபிக்ஸ் சிப்பும் அதற்குரிய டிரைவர் மென்பொருளும்தான்.

ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை போன்ற தங்கவயல் பகுதிகளில் வசிப்போர் கணினி உதிரிபாகங்களுக்காகச் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருவின் எஸ்.பி. சாலைக்குச் செல்ல நேர்கிறது. தமிழ்நாட்டின் சிற்றூர்களில் இருப்போருக்குச் சென்னையின் ரிச்சி தெரு அத்தகைய சந்தை. பொருந்தாத கார்டை வாங்கி வந்துவிட்டால் பணத்துடன் ஒரு நாள் வேலையும் வீணாகும். எனவே, எந்த நிறுவனத்தின் எந்தத் தலைமுறை கார்டு லினக்ஸில் எவ்வாறு இயங்கும் என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்வது பயன் தரும்.

டிரைவர் என்ன செய்கிறது?

திரையில் தோன்றும் எழுத்து, படம், காணொலி அனைத்தையும் வரைந்து தருவது கிராபிக்ஸ் சிப். இயங்குதளம் இடும் கட்டளைகளை அந்தச் சிப்புக்குப் புரியும் வகையில் மாற்றித் தருவது டிரைவர்.

லினக்ஸில் இந்தப் பணி மூன்று அடுக்குகளாகப் பிரிந்துள்ளது. முதலாவது, இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் செயல்படும் பகுதி. திரையின் அளவைத் தீர்மானிப்பது, நினைவகத்தைப் பங்கிடுவது, மின்சாரப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்துவது ஆகியவை இதன் பொறுப்பு. இரண்டாவது, சிப்புக்குள்ளேயே ஏற்றப்படும் ஃபர்ம்வேர் என்ற சிறு மென்பொருள். இதனைச் சிப் தயாரிப்பாளரே வழங்குகிறார். மூன்றாவது, ஓபன்ஜிஎல், வல்கன் போன்ற வரைகலைத் தரநிலைகளை விளையாட்டுகளுக்கும் உலாவிகளுக்கும் பிற செயலிகளுக்கும் வழங்கும் பகுதி. திறந்த மூல டிரைவர்களில் இப்பணியைச் செய்வது மெசா என்ற மென்பொருள் தொகுப்பு. அமெரிக்க மென்பொருளாளர் பிரையன் பால் 1993-இல் எழுதத் தொடங்கிய இத்தொகுப்பு, இன்று பல நிறுவனங்களின் பொறியாளர்கள் இணைந்து வளர்க்கும் திட்டமாக உள்ளது.

இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும், ஒன்றோடொன்று பொருந்தாவிட்டாலும் சிக்கல் தொடங்கும். சில நேரங்களில் கணினி முற்றிலும் நின்றுவிடாமல், வரைகலைப் பணி முழுவதையும் முதன்மைச் செயலியே சுமந்துகொள்ளும். அப்போது திரை தெரியும். ஆனால் காணொலி திக்கித் திணறும், செயலி சூடேறும், மடிக்கணினியின் பேட்டரி விரைவில் தீரும்.

விண்டோஸ் கணினியில் டிரைவரைத் தயாரிப்பாளரின் இணையதளத்திலிருந்து பதிவிறக்கி நிறுவுவது வழக்கம். லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் கெர்னலுடனேயே சேர்ந்து வருகின்றன. கெர்னலுக்குள் ஏற்கப்பட்ட டிரைவர், கெர்னல் மாறும்போது அதனுடன் சேர்த்தே திருத்தப்படும். வெளியிலிருந்து தனியாக நிறுவப்படும் டிரைவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கிராபிக்ஸ் ஆதரவில் நிறுவனங்களுக்கு இடையே காணப்படும் வேறுபாட்டின் வேர் இதுவே.

இன்டெல்: சிக்கல் குறைவு, ஆனால் ஒரு விதிவிலக்கு

செயலியுடன் இணைந்த கிராபிக்ஸ் சிப்புகளுக்கு இன்டெல் நிறுவனம் நீண்ட காலமாகத் திறந்த மூல டிரைவரைத் தானே எழுதி வழங்கி வருகிறது. ஐ915 என்ற அந்த டிரைவர் கெர்னலிலேயே இருப்பதால், சாதாரண அலுவலகக் கணினியில் லினக்ஸை நிறுவுவோர் எதையும் தனியாகச் சேர்க்க வேண்டியதில்லை. ஆர்க் வரிசை கார்டுகள் உள்ளிட்ட புதிய சிப்புகளுக்காக எக்ஸ்இ என்ற புதிய டிரைவர் 2024-இல் வெளியான கெர்னல் 6.8 பதிப்பில் சேர்க்கப்பட்டது.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. 2008-ஐ ஒட்டி வெளிவந்த சில ஆட்டம் வகைச் சிறு மடிக்கணினிகளில் ஜிஎம்ஏ 500 என்ற சிப் பொருத்தப்பட்டது. அதன் வடிவமைப்பு இன்டெல்லுடையது அன்று. பிரிட்டனின் இமாஜினேஷன் டெக்னாலஜிஸ் நிறுவனத்திடமிருந்து உரிமம் பெற்றது. அதற்கான முழுமையான திறந்த மூல டிரைவர் கிடைக்கவில்லை. இன்றும் கெர்னலில் உள்ள டிரைவர் அதன் திரையை ஒளிரச் செய்யுமே தவிர முப்பரிமாண வரைகலை வேகத்தைத் தருவதில்லை. பின்னர் வந்த ஜிஎம்ஏ 3600 சிப்புக்கும் இதே நிலைதான். பெட்டியில் ஒட்டப்பட்டுள்ள நிறுவனப் பெயரை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

ஏஎம்டி: மூடிய வழியிலிருந்து திறந்த வழிக்கு

ஏடிஐ நிறுவனத்தை 2006-இல் வாங்கிய ஏஎம்டி, மறு ஆண்டு செப்டம்பரில் தனது கிராபிக்ஸ் சிப்புகளின் தொழில்நுட்ப ஆவணங்களை வெளியிட்டுத் திறந்த மூல டிரைவருக்கு உதவப்போவதாக அறிவித்தது. ஆயினும், எஃப்ஜிஎல்ஆர்எக்ஸ் என அறியப்பட்ட மூடிய டிரைவரையும் அது பல ஆண்டுகள் தொடர்ந்து வழங்கியது. கெர்னல் மாறும்போதெல்லாம் அந்த டிரைவர் முரண்டு பிடித்ததைப் பழைய பயனர்கள் அறிவர்.

2015-இல் வெளியான கெர்னல் 4.2 பதிப்பில் ஏஎம்டிஜிபியு என்ற புதிய திறந்த மூல டிரைவர் இடம்பெற்றது. 2016-இல் வெளிவந்த உபுண்டு 16.04 பதிப்பு எஃப்ஜிஎல்ஆர்எக்ஸ் டிரைவரை முற்றிலுமாகக் கைவிட்டது. அதே ஆண்டில் ஏஎம்டிக்கு வெளியே இருந்த நிரலாளர்கள் ராட்வி என்ற வல்கன் டிரைவரை மெசா தொகுப்புக்காக எழுதத் தொடங்கினர். 'ஸ்டீம்' விளையாட்டுத் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனமும் பின்னர் இதில் பெருமளவு முதலீடு செய்தது. ஏஎம்டி நிறுவனம் தான் எழுதிவந்த போட்டி டிரைவரை 2025-இல் நிறுத்திவிட்டு, ராட்வியையே லினக்ஸுக்கான தனது வல்கன் டிரைவராக ஏற்றுக்கொண்டது.

இதன் பயன் பழைய கார்டு வைத்திருப்போருக்கும் கிடைத்துள்ளது. விண்டோஸில் ஆதரவு எப்போதோ முடிந்துவிட்ட ரேடியான் எச்டி 5000, 6000 வரிசை கார்டுகள் கூட, கெர்னலில் உள்ள பழைய ரேடியான் டிரைவரின் உதவியால் இன்றைய லினக்ஸ் பதிப்புகளில் அன்றாடப் பணிகளுக்குப் பயன்படுகின்றன. வல்கன் வசதி தேவைப்படும் புதிய விளையாட்டுகளை மட்டும் அவற்றில் எதிர்பார்க்க முடியாது.

என்விடியா: மோதலும் மாற்றமும்

லினக்ஸ் பயனர்கள் நெடுங்காலம் அதிகம் குறைகூறியது என்விடியாவைப் பற்றித்தான். அந்நிறுவனம் லினக்ஸுக்கு டிரைவர் தரவில்லை என்பது குறை அன்று. வேகத்தில் விண்டோஸுக்கு இணையான டிரைவரை அது தொடர்ந்து வழங்கியே வந்தது. ஆனால் அதன் மூல நிரலை வெளியிடவில்லை. தரவு மையங்களிலும் செயற்கை நுண்ணறிவு ஆய்வகங்களிலும் என்விடியா சிப்புகள் லினக்ஸில்தான் பெரும்பாலும் இயங்குகின்றன. வீட்டு மேசைக் கணினியில் அதே நிறுவனத்தின் கார்டு சிக்கல் தந்தது என்பதே முரண்.

லினக்ஸ் கெர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், 2012 ஜூன் மாதம் பின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழகத்தில் நடைபெற்ற நிகழ்ச்சியில், தாங்கள் எதிர்கொண்ட நிறுவனங்களிலேயே மிக மோசமானது என்விடியா என்று கூறி, கேமராவை நோக்கி இழிவான சைகையும் காட்டினார். அந்தக் காணொலி உலகெங்கும் பரவியது.

நிறுவனத்தின் உதவியின்றி, சிப்பின் செயல்பாட்டைக் கவனித்துக் கவனித்து ஆர்வலர்கள் எழுதிய நூவோ என்ற திறந்த மூல டிரைவர், 2010-இல் கெர்னலில் சேர்க்கப்பட்டது. ஆனால், 2014-இல் வெளிவந்த ஜிடிஎக்ஸ் 900 வரிசையிலிருந்து, தனது கையொப்பம் பெற்ற ஃபர்ம்வேரை மட்டுமே சிப் ஏற்கும் வகையில் என்விடியா கட்டுப்பாடு கொண்டுவந்தது. இதனால் சிப்பின் வேகத்தை உயர்த்த நூவோவால் இயலவில்லை. விலையுயர்ந்த கார்டும் அதன் கீழ் ஆமை வேகத்தில் ஓடியது.

2022 மே மாதம் நிலைமை மாறத் தொடங்கியது. டூரிங் தலைமுறை தொடங்கிப் பிந்தைய சிப்புகளுக்கு, டிரைவரின் கெர்னல் பகுதியின் மூல நிரலை என்விடியா வெளியிட்டது. 2025-இல் சந்தைக்கு வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசை இந்தத் திறந்த கெர்னல் பகுதியுடன் மட்டுமே இயங்கும். எனினும் ஓபன்ஜிஎல், வல்கன், கியூடா ஆகியவற்றை வழங்கும் மேல் அடுக்கு இன்றும் மூடியதாகவே உள்ளது. அதற்கு மாற்றாக என்விகே என்ற திறந்த மூல வல்கன் டிரைவர் மெசாவில் வளர்ந்து வருகிறது. ரஸ்ட் மொழியில் எழுதப்படும் நோவா என்ற புதிய கெர்னல் டிரைவரின் தொடக்கப் பகுதி 2025-இல் கெர்னல் 6.15 பதிப்பில் சேர்ந்தது. அது அன்றாடப் பயன்பாட்டுக்கு உரிய நிலையை எட்ட இன்னும் பணிகள் உள்ளன.

பழைய என்விடியா கார்டுகளின் நிலை

பழைய கணினிக்கு லினக்ஸை நாடுவோர் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இப்பகுதி. என்விடியா தனது டிரைவர்களை எண் கொண்ட கிளைகளாக வெளியிடுகிறது. ஒவ்வொரு தலைமுறை கார்டும் ஒரு கட்டத்தில் ஏதேனும் ஒரு கிளையோடு நின்றுவிடுகிறது.

* ஜிஃபோர்ஸ் 8, 9, 200, 300 வரிசைகள்: கடைசிக் கிளை 340. ஆதரவு 2019 இறுதியில் முடிந்தது.
* 400, 500 வரிசைகள் (ஃபெர்மி): கடைசிக் கிளை 390. ஆதரவு 2022 இறுதியில் முடிந்தது.
* 600 வரிசையிலும் 700 வரிசையிலும் உள்ள பெரும்பாலான கார்டுகள் (கெப்ளர்): கடைசிக் கிளை 470. ஆதரவு 2024-இல் முடிந்தது.
* ஜிடிஎக்ஸ் 750, 900 வரிசை, ஜிடி 1030, ஜிடிஎக்ஸ் 1050 முதல் 1080 வரை (மேக்ஸ்வெல், பாஸ்கல்): கடைசிக் கிளை 580.
* ஜிடிஎக்ஸ் 1650 மற்றும் ஆர்டிஎக்ஸ் 20 வரிசை தொடங்கிப் பிந்தையவை (டூரிங் முதல்): புதிய கிளைகளிலும் ஆதரவு தொடர்கிறது.

ஆதரவு முடிந்த கிளை உடனே செயலிழந்துவிடாது. ஆனால் புதிய கெர்னல் வரும்போது அதற்கேற்ப அந்த டிரைவரைத் திருத்துவோர் இல்லாமல் போவர். சில காலத்துக்குப் பின் புதிய லினக்ஸ் பதிப்பில் அது நிறுவப்படவே மறுக்கும்.

2025 டிசம்பரில் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு கிடைத்தது. பாஸ்கல் மற்றும் அதற்கு முந்தைய தலைமுறைகளைக் கைவிட்ட 590 கிளையை ஆர்ச் லினக்ஸ் தனது முதன்மைத் தொகுப்பாக ஏற்றது. பழைய கார்டு உள்ளவர்கள் 580 கிளைக்கு மாறாமல் வழக்கமான புதுப்பிப்பைச் செய்தால் வரைகலைத் திரை தோன்றாது என்று ஆர்ச் திட்டம் முன்கூட்டியே எச்சரிக்கை வெளியிட்டது.

மற்றொரு குழப்பம் பெயரால் வருவது. இந்தியச் சந்தையில் குறைந்த விலைக் கார்டாகப் பரவலாக விற்கப்பட்ட ஜிடி 730 ஒரே பெயரில் இரு வேறு சிப்புகளுடன் வெளிவந்தது. ஒன்று ஃபெர்மி, மற்றொன்று கெப்ளர். முன்னதற்கு 390, பின்னதற்கு 470 என டிரைவர் கிளையும் மாறுபடும். அட்டைப்பெட்டியைப் பார்த்து இதனை எளிதில் அறிய முடியாது.

இத்தகைய பழைய கார்டுகளுக்கு நூவோ டிரைவர் கைகொடுக்கும். கடிதம் தட்டச்சு செய்வது, இணையம் பார்ப்பது போன்ற பணிகளுக்கு அது போதுமானது. விளையாட்டு, காணொலித் தொகுப்பு, கியூடா சார்ந்த பணிகளுக்கு அது பொருந்தாது.

கருந்திரை ஏன் தோன்றுகிறது?

என்விடியாவின் டிரைவர் கெர்னலுக்கு வெளியிலிருந்து வருவதால், கெர்னல் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அதற்கேற்ப அதன் பகுதி மீண்டும் கட்டமைக்கப்பட வேண்டும். பல லினக்ஸ் பதிப்புகளில் டிகேஎம்எஸ் என்ற கருவி இதனைத் தானாகச் செய்கிறது. ஏதேனும் காரணத்தால் அது தோல்வியுற்றால், அடுத்த முறை கணினியை இயக்கும்போது கருந்திரையே எஞ்சும். அத்தகைய நேரத்தில் தொடக்கப் பட்டியலில் முந்தைய கெர்னலைத் தேர்வு செய்தால் பெரும்பாலும் கணினி மீண்டுவிடும். இயங்குதளத்தை அழித்து மறுபடியும் நிறுவ வேண்டியதில்லை.

செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதி மற்றொரு காரணம். கையொப்பமிடப்படாத டிரைவரை அது ஏற்க மறுக்கும். டிரைவரை நிறுவும்போது பயனர் ஒரு கடவுச்சொல்லை அமைக்கும்படி கேட்கப்படுவார். அடுத்த மறுதொடக்கத்தில் தோன்றும் நீலத்திரையில் அதே கடவுச்சொல்லை இட்டு ஒப்புதல் தர வேண்டும். பலர் அந்தத் திரையைக் கவனியாமல் தாண்டிவிடுவதால், டிரைவர் நிறுவப்பட்டும் இயங்காத நிலை உருவாகிறது.

மூன்றாவது காரணம், திரை மேலாண்மை முறையில் ஏற்பட்டுள்ள மாற்றம். எக்ஸ் என்ற பழைய அமைப்பின் இடத்தை வேலேண்ட் என்ற புதிய அமைப்பு பிடித்து வருகிறது. 2025 அக்டோபரில் வெளியான உபுண்டு 25.10 பதிப்பின் முதன்மை மேசைத்தளம் வேலேண்டில் மட்டுமே இயங்குகிறது. இன்டெல், ஏஎம்டி டிரைவர்கள் வேலேண்டுக்கு முன்பே ஒத்துழைத்தன. என்விடியா தனி வழியை வலியுறுத்திவந்து, 2021-இல் வெளியான 495 கிளையில்தான் பொதுவான முறையை ஏற்றது. திரை மினுக்கும் சிக்கலுக்குத் தீர்வான வசதி 2024-இல் 555 கிளையில் வந்தது. ஆகவே, அதற்கு முந்தைய கிளைகளோடு நின்றுபோன கார்டுகளை வேலேண்ட் மேசைத்தளத்தில் பயன்படுத்துவது கடினம்.

இரண்டு சிப் கொண்ட மடிக்கணினிகள்

விளையாட்டுகளுக்கென விற்கப்படும் மடிக்கணினிகள் பலவற்றில் இரண்டு கிராபிக்ஸ் சிப்புகள் உள்ளன. செயலியோடு இணைந்த சிப் அன்றாடப் பணிகளையும், என்விடியா சிப் கனமான பணிகளையும் கவனிக்கும். என்விடியா சிப் தேவையற்ற நேரத்தில் உறங்காமல் விழித்திருந்தால் பேட்டரி வேகமாகக் குறையும். சில மாதிரிகளில் எச்டிஎம்ஐ இணைப்பு நேரடியாக என்விடியா சிப்போடு பிணைக்கப்பட்டிருப்பதால், அதன் டிரைவர் இயங்காவிட்டால் புரொஜெக்டரிலோ வெளித்திரையிலோ படம் தெரியாது. வகுப்பறையில் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் இதனை முன்பே சோதித்துக்கொள்வது நல்லது.

இந்தியாவில் லினக்ஸ் மேசைக் கணினி

சென்னையில் உள்ள சி-டாக் மையம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007-இல் வெளியானது. அதே காலகட்டத்தில் தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம், சி.உமாசங்கர் அதன் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, தனது அலுவலகக் கணினிகளில் சூஸே லினக்ஸுக்கு மாறியது. 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்த்தே வழங்கப்பட்டது. கேரளப் பள்ளிகளில் கைட் அமைப்பின் குனு/லினக்ஸ் பதிப்பு பாடத்திட்டத்தோடு இணைந்து பயன்படுகிறது. கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் 2025 நவம்பரில் பெங்களூரு தொழில்நுட்ப மாநாட்டில் அறிமுகப்படுத்திய கியோ என்ற ரூ.18,999 விலைக் கணினியும் லினக்ஸில் இயங்குவதே.

பெருமளவில் வழங்கப்படும் இத்தகைய குறைந்த விலைக் கணினிகளில் தனி கிராபிக்ஸ் கார்டு பொதுவாக இருப்பதில்லை. செயலியோடு இணைந்த சிப்பே திரையை இயக்குகிறது. லினக்ஸ் நோக்கில் இது குறை அன்று, சாதகமே. அரசுத் திட்டத்தில் கிடைத்த பழைய மடிக்கணினி வீட்டில் இருந்தால், அதில் எடை குறைந்த லினக்ஸ் பதிப்பொன்றை நிறுவிப் பார்ப்பதில் கிராபிக்ஸ் சார்ந்த தடை பெரும்பாலும் இராது.

வாங்கும் முன், நிறுவும் முன் கவனிக்க வேண்டியவை

* லினக்ஸை நிறுவாமலேயே பென் டிரைவிலிருந்து இயக்கிச் சோதிக்கலாம். திரையின் அளவு, காணொலி, வெளித்திரை இணைப்பு, மூடித் திறந்தபின் மீளுதல் ஆகிய நான்கையும் பார்த்துவிட வேண்டும்.
* டெர்மினலில் எல்எஸ்பிசிஐ என்ற கட்டளையை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் இட்டால் கிராபிக்ஸ் சிப்பின் உண்மையான குறியீட்டுப் பெயர் தெரியும். ஜிடி 730 போன்ற குழப்பங்களை இது தீர்க்கும்.
* பென் டிரைவிலிருந்து தொடங்கும்போதே கருந்திரை வந்தால், தொடக்கப் பட்டியலில் பாதுகாப்பான கிராபிக்ஸ் என்ற தெரிவைப் பயன்படுத்தலாம். இது தற்காலிக வழி மட்டுமே.
* உபுண்டு, மின்ட் ஆகியவற்றில் என்விடியா டிரைவரை அவற்றின் டிரைவர் மேலாளர் மூலமே நிறுவ வேண்டும். என்விடியா தளத்திலிருந்து நேரடியாகப் பதிவிறக்கி நிறுவினால், அடுத்த கெர்னல் புதுப்பிப்பின்போது அதனைக் கவனிப்பார் எவரும் இரார்.
* டெபியன் 12 முதல் தேவையான ஃபர்ம்வேர் கோப்புகள் நிறுவல் கோப்பிலேயே சேர்க்கப்பட்டுள்ளன. அதற்கு முந்தைய பதிப்புகளை நிறுவுவோர் அவற்றைத் தனியாகச் சேர்க்க நேரிடும்.
* பழைய கார்டு வாங்குவோர், என்விடியா எனில் டூரிங் தலைமுறைக்குக் குறையாமலும், ஏஎம்டி எனில் ஆர்எக்ஸ் 400 வரிசைக்குக் குறையாமலும் பார்த்துக்கொள்வது பாதுகாப்பானது.
* கியூடா தேவைப்படும் மாணவர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் என்விடியாவே வழி. அவர்கள் நீண்ட கால ஆதரவுள்ள லினக்ஸ் பதிப்பைத் தேர்ந்தால் அடிக்கடி ஏற்படும் கெர்னல் மாற்றங்களைத் தவிர்க்கலாம்.

டிரைவர் சரியாக அமைந்தாலும் எல்லாப் பணிகளுக்கும் லினக்ஸ் ஏற்றதாகிவிடாது. ஃபோட்டோஷாப், பேஜ்மேக்கர் போன்றவற்றைச் சார்ந்திருக்கும் அச்சக வடிவமைப்புக் கூடங்களுக்கு அம்மென்பொருள்கள் லினக்ஸில் நேரடியாகக் கிடைப்பதில்லை. படிப்பு, தட்டச்சு, இணையம், நிரலாக்கம், அலுவலகக் கணக்கு ஆகியவற்றுக்கே கணினி தேவைப்படும் வீடுகளில், இன்டெல் அல்லது ஏஎம்டி சிப் கொண்ட 10 ஆண்டுப் பழைய கணினியும் லினக்ஸின் துணையோடு பாதுகாப்புப் புதுப்பிப்புகளைத் தொடர்ந்து பெற்றபடி மேலும் சில ஆண்டுகள் உழைக்கும்.